மெய்யெழுத்தை விழுங்குகிறவர்கள்

ஜெர்மன் பாட்டு கேட்பதற்கு முன்னால் காபி குடிக்கக் கூடாது. வயிறு குறுக்கே பேசும். பியானோ ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு மூச்சைப் பிடித்து நிற்கிற இடமாகப் பார்த்துத்தான் அதற்குச் சொல்ல ஏதாவது இருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் அன்போடு காபி வரவழைத்தீர்கள், நான் தொடவில்லை. அதைப் பதற்றம் என்று எழுதிவிட வேண்டாம். தொழில் பழக்கம், அவ்வளவுதான்.

உங்களுக்கு வேலை வைக்க நான் வரவில்லை. வழக்கை விபத்து என்று கட்டி மேலே போடப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வானொலி நிலையத்து இசைத்தட்டுக் கிடங்கில் என் மச்சினன் மூச்சுத் திணறி இறந்தான். வெளியே உட்கார்ந்திருந்த நான், எச்சரிக்கை விசில் கேட்டதும் பொத்தானை அமுக்கியிருக்க வேண்டும். அமுக்கவில்லை. காரணம், அந்த விசில் எனக்குக் கேட்டிருக்கவே முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மேல் சுருதி எதுவும் என் காதில் ஏறாதாம். பாவம், வயசான மனுஷன், காது போய்விட்டது, யாரைக் குறை சொல்ல. இதுதானே உங்கள் கோப்பில் இருப்பது. அதைத் திருத்தத்தான் வந்தேன். விசில் எனக்குக் கேட்டது. கேட்டும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஆகவே அவனைக் கொன்றது நான். எழுத்தர் அம்மா இதை முதலிலேயே எழுதிக்கொள்ளட்டும். பிறகு நிதானமாகப் பேசலாம்.

அந்த டாக்டரின் சோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பீரோ அளவுக்கு ஒரு கூண்டு. அதற்குள் என்னை உட்காரவைத்து, காதில் இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்குங்கள் என்றார். இயந்திரம் பழுது. பெரும்பாலான நேரம் அதிலிருந்து ஒன்றுமே வரவில்லை. நான் கண்ணியமாகக் காத்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ரசனை உள்ளவர் போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த ஆட்டம் வேறு ஆட்டம் என்று பிறகுதான் தெரிந்தது.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியாது. முகத்திலேயே தெரிகிறது, வருத்தமில்லை. நான் நடுவராக இருக்கிற பாட்டுகளைக் கேட்கிறவர்கள் இந்த ஊரில் ஒரு பஸ்ஸில் அடங்கிவிடுவார்கள். அதிலும் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஆனால் விழித்திருக்கிற அந்தப் பாதி பஸ்ஸுக்கு என் வார்த்தைதான் கடைசி வார்த்தை.

ஒரு குரல், ஒரு பியானோ, ஒரு சின்னக் கவிதை. மூன்று நிமிஷத்துக்குள் நிலா வரும், ஓடை வரும், காதலி கைவிடுவாள், அவன் செத்துப்போவான். சினிமாவில் இதே வேலைக்கு மூன்று மணி நேரமும் ஒரு மழையும் தேவைப்படும். வாரம் ஒரு நாள் வானொலியில், ஒரே பாட்டை மூன்று பேர் பாடிய மூன்று பதிவுகள். யார் பாடினார்கள், யார் வாசித்தார்கள் என்று எனக்குச் சொல்லமாட்டார்கள். ஒலிப்பதிவாளனான என் மச்சினன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போடுவான். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கிழிப்பேன். கடைசியில், கிழிந்தவர்களின் பெயரை அறிவிப்பார்கள்.

பாடத் தெரியுமா என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்து பாடுகிற கூட்டத்தில், வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று டீச்சர் என்னிடம் தனியாக அழைத்துச் சொன்னார். அன்றிலிருந்து மற்றவர்களைக் கவனிக்க எனக்கு ஏராளமான நேரம் கிடைத்தது. நிலையத்தில் என் முதுகுக்குப் பின்னால் ‘ரம்பம்’ என்பார்கள். என் கூர்மையைத்தான் பாராட்டுகிறார்கள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவிதான் விளக்கினாள்.

பாடகர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம்தான்; ஆனால் நான் அவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். காதலியின் ஜன்னலுக்குக் கீழே நின்று பாட வேண்டிய பாட்டை, குழாய் ரிப்பேருக்கு வந்தவர் கீழேயிருந்து குரல் கொடுக்கிற மாதிரி ஒருவர் பாடுவார். சாவை வரவேற்கிற இடத்தில் ஒரு அம்மாள், பல் பிடுங்கக் காட்டுகிற மாதிரி வாயைத் திறந்துவைத்திருப்பார்; சாவே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கும். பியானோக்காரர்களோ, கடைத்தெருவில் மனைவிக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற கணவர்கள். அரை அடி பின்னாலேயே வருவார்கள். கூப்பிட்டால் திடுக்கிடுவார்கள்.

இதெல்லாம் சில்லறைக் குற்றம். பெரிய குற்றம் வேறு.

நம் இலக்கணக்காரர்கள் எழுத்துகளுக்கு வைத்த பெயரைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரிந்து எங்கேயும் இல்லை. அ, ஆ எல்லாம் உயிர். க், ச், ட் எல்லாம் மெய். உயிரை யார் வேண்டுமானாலும் இழுத்துப் பாடலாம்; குளியலறையில் எல்லாரும் பாடுவது அதைத்தான். மெய்தான் கஷ்டம். ஜெர்மன் மொழியில் சொல்லுக்குச் சொல் கடைசியில் மெய்கள் கொத்தாகத் தொங்கும். வெளிச்சத்துக்கு அவர்கள் சொல் ‘லிஷ்ட்’. அந்த ‘ஷ்’ என்கிற காற்றும் ‘ட்’ என்கிற தெறிப்பும் வந்தால்தான் விளக்கு எரியும். வராவிட்டால் வெறும் ‘லி’. திரி மட்டும் இருக்கும், சுடர் இருக்காது.

சில வருஷங்களுக்கு முன்னால், உலகத்துப் பாடகர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி மெய்யெழுத்தை விழுங்க ஆரம்பித்தார்கள். முதலில் ஒருவர் இருவர். பிறகு கூட்டம் கூட்டமாக. இளையவர்கள்தான் இப்படியென்றால், முன்பு ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்த பெரியவர்களும் கெட்டுப்போனார்கள். நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். நிகழ்ச்சியில் சொன்னேன், பத்திரிகையில் எழுதினேன். ‘உயிர் ஊசலாடுகிறது, மெய்யைக் காணோம்’ என்று நான் எழுதியது அந்தப் பாதி பஸ்ஸில் ரொம்பப் பிரபலம். வேறு எந்த நடுவரும் இதைக் கவனிக்கவில்லை. அதை என் காதுக்குக் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு பெண். நல்ல குரல் என்றே சொல்வார்கள். ‘இவருக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை’ என்று தீர்ப்புச் சொன்னேன். அவர் நிலையத்துக்கே வந்து, தாழ்வாரத்தில் காத்திருந்து, என் எதிரே நின்றார். “எந்த எழுத்து ஐயா வரலை? சொல்லுங்க, உக்காந்து திருத்திக்கறேன்” என்றார். திமிராகக் கேட்கவில்லை; உண்மையாகவே கேட்டார். “எல்லாம்” என்றேன். இப்போது அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் எடுத்துக் காட்டுகிறார். என் கண்ணாடி அங்கே வாங்கியதுதான். அவர் என்னோடு பேசும்போதும் மெய்யை விழுங்கத்தான் செய்தார். என் தீர்ப்பு சரி என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

நோய் பாட்டோடு நிற்கவில்லை. தெருவில் எல்லாரும் மென்று முழுங்கிப் பேச ஆரம்பித்தார்கள். வாசல் மணியின் தரம் குறைந்துபோயிற்று. எங்கள் தெருவிலிருந்து குருவிகள் காணாமல் போயின. நகராட்சிக்கு எழுதிப் போட்டேன். ஒரு ஆள் வந்து மரத்தடியில் நின்று மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார், போய்விட்டார். என் மனைவியும் விதிவிலக்கில்லை.

“அடுப்படியிலேர்ந்து தொண்டை கிழியக் கத்தறேன், மென்னு முழுங்கறேன்னா சொல்றீங்க?” என்பாள்.

“கத்தறது உயிரெழுத்து. நான் கேக்கறது மெய்யெழுத்து.”

“மெய்யெழுத்து ஃப்ரிட்ஜுல இருக்கு. எடுத்துச் சூடு பண்ணிச் சாப்பிடுங்க.”

பிறகு என்னவோ, அவள் மாறினாள். அடுப்படியிலிருந்து கூப்பிடுவதை விட்டுவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எனக்கு நேரே நின்று, குரலைத் தாழ்த்தி, நிதானமாகச் சொல்வாள். வயதானதில் அவள் குரல் கனிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். இந்த வயதில் ஒரு மனைவி கணவனிடம் வந்து நின்று மெல்லப் பேசுவது எத்தனை வீட்டில் நடக்கிறது, சொல்லுங்கள்.

மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவிக்குத் தம்பி. வெகு காலம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். என் நிகழ்ச்சியிலிருந்து என் இருமலையும் கனைப்பையும் ‘அதாவது, அதாவது’வையும் வெட்டியெடுப்பது அவன் வேலை. அவற்றையெல்லாம் தூக்கி எறியாமல் சேர்த்து ஒட்டி, என் பிறந்தநாளன்று எல்லார் முன்னாலும் போட்டான். முழுக்க முழுக்க இருமல். நடுநடுவே ஒரு ‘அதாவது’. “அத்தான், இதான் உங்க சிறந்த நிகழ்ச்சி. ஒருத்தரையும் திட்டலை” என்றான். நானும் சிரித்தேன். அவனை எனக்குப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிடிக்காதவனைக் கொல்வதில் தீர்ப்புக்கு என்ன வேலை இருக்கிறது.

அன்றைக்கு எடுத்துக்கொண்டது ஜன்னல் விளக்குப் பாட்டு. ஊரைவிட்டுப் போன ஒருவன் திரும்பி வருகிறான். தன் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறது. உள்ளே வேறு யாரோ குடியிருக்கிறார்கள். கடைசிச் சொல், நான் சொன்ன அந்த ‘லிஷ்ட்’. பாடகர் அதைச் சொல்லி முடித்ததும், பியானோ மேலே, வெகு மேலே, ஒரே ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு நின்றுவிடும். அந்த ஸ்வரம்தான் விளக்கு. அது இல்லாவிட்டால் பாட்டே இல்லை.

முதல் இரண்டு பதிவையும் வழக்கம்போலக் கிழித்தேன். மூன்றாவது வந்தது. கேட்டு முடித்துவிட்டு இப்படிச் சொன்னேன்: “இந்தப் பாடகர் இருட்டில் வந்து இருட்டிலேயே நிற்கிறார், ஒரு மெய்கூட வாயை விட்டு வெளியே வரவில்லை. வாசித்தவர் இன்னும் மோசம். கடைசி ஸ்வரத்தை வாசிக்கவே இல்லை. விரல் அவ்வளவு தூரம் போக வேண்டுமே என்று அலுத்துக்கொண்டார் போலிருக்கிறது. இவருக்குப் பியானோவைவிட மாவு பிசைகிற வேலை பொருத்தமாக இருக்கும்.”

மச்சினன் சிரிப்பான் என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சிரிக்கவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் வந்தான்.

“அத்தான், இது போக வேணாம். வெட்டிடறேன்.”

“ஏன், காரம் ஜாஸ்தியா?”

“அது அக்கா வாசிச்சது.”

நீங்கள் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். வாலிபத்தில் நான் முதன்முதலாக நடுவராக உட்கார்ந்தபோது இதே பதிவைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கடைசி ஸ்வரத்தைக் கேட்டுவிட்டு, யார் இது, யார் இந்த விரல் என்று விசாரித்துக்கொண்டு போனவன், போன இடத்தில் கல்யாணம் செய்துகொண்டுதான் திரும்பினேன். என் மனைவி இதை வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். “எங்க வீட்டுல கழுத்தை நீட்டினது அவருதான். அதுவும் ஒரே ஒரு விரலை நம்பி.”

“அப்ப ஏன் அந்த ஸ்வரம் இல்லை?” என்று கேட்டேன்.

“இருக்கு, அத்தான்.”

“நாடா தேஞ்சிருக்கு. இது நகல்தானே. தேயும்போது மேல் சுருதிதான் முதல்ல போகும்.”

நான் சொன்னது நாடாவைப் பற்றி. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டீங்க இல்ல?” என்றான். “அது மாதிரிதான். காதுக்குள்ள சின்னதா ஒண்ணு. பட்டாணி அளவு. உங்க வாயைப் பாக்கறவங்க எவனும் காதைப் பாக்க மாட்டான்.”

“யார் சொன்னா உனக்கு?”

“அக்காவுக்கு ரொம்ப நாளாவே தெரியும். சொன்னா நம்ப மாட்டீங்க, போட்டுக் காட்டுன்னா. அவ தன் ரெக்கார்டையே எடுத்துக் குடுத்தா.” கதவைச் சாத்திவிட்டு வந்தான். “நீங்களே டைரக்டர்கிட்ட சொல்லிடுங்க. கொஞ்ச நாள் நிறுத்திட்டு, மெஷின் போட்டுப் பழகிட்டு, வந்து மறுபடி கிழிங்க. யாரும் எங்கயும் ஓடிப்போயிட மாட்டாங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும், அத்தான். பாடறவங்க பாவம்.”

பாடறவங்க பாவம். இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவன் சொல்வது உண்மையென்றால் அந்த மெய்யெழுத்தெல்லாம் இருந்தது. எல்லாருக்கும் இருந்தது. கண்ணாடிக் கடைப் பெண்ணுக்கும் பல் முழுசாக இருந்தது. இத்தனை வருஷமும் நான் என் காதில் இருந்த ஓட்டையை அவர்கள் வாயில் தேடியிருக்கிறேன். ஒரு நடுவருக்கு இதைவிடச் சாவு வேறு இல்லை. அது உண்மையில்லை என்று நிரூபிக்க எனக்கு ஒரே வழிதான் இருந்தது. “கிடங்குல மூலத் தட்டு இருக்கும். அதை எடுத்துட்டு வா. அதுல கேட்டுட்டு அப்புறம் பேசு” என்றேன். அடுத்த ஒலிப்பதிவு நாளில் எடுப்பதாக ஒப்புக்கொண்டான்.

கிடங்கு எங்கே இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்கள். அடித்தளம், உள்ளே நடப்பது மேலே கேட்காத சுவர். பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தச் சுவர் வேண்டுமென்று சண்டை போட்டு வாங்கியவன் நான். அங்கே தீப்பிடித்தால் தண்ணீர் அடிக்க முடியாது, தட்டெல்லாம் பாழாகும். அதனால் ஒரு வாயு. புகையை மோப்பம் பிடித்தால் முதலில் உள்ளேயும் வெளியேயும் விசில் அடிக்கும். ஒரு சரணம் பாடி முடிக்கிற நேரத்தில் வாயு திறந்துகொண்டு, உள்ளே நெருப்பும் மூச்சுவிடாது, ஆளும் மூச்சுவிட முடியாது. கதவுக்கு வெளியே இருக்கிற பொத்தானை அமுக்கிப் பிடித்தால் வாயு வராது. கதவின் உள்பக்கக் கைப்பிடி வெகு காலமாக மக்கர். சரிசெய்யச் சொல்லி எல்லாரும் எல்லாரிடமும் சொல்லியிருந்தார்கள். ஆகவே ஒரு விதி: ஒருவர் உள்ளே போனால், இன்னொருவர் வெளியே பொத்தானுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அன்றைக்கு உட்கார்ந்தவன் நான்.

மூலத் தட்டு பின்வரிசையில், உச்சி அடுக்கில், யாரும் தொடாத அட்டைப் பெட்டிகளுக்கு அடியில் இருந்தது. பெட்டியை இழுத்தான், தூசி கிளம்பியது, தூசியைப் புகை என்று அந்தக் கருவி நினைத்துவிட்டது. இது உங்கள் ஆட்களே கண்டுபிடித்தது.

விசில் அடித்தது. சுமாரான விசில். எடுப்பு நன்றாக இருந்தது. போகப் போகச் சுருதி இறங்கியது. நீளமாக, நடுவில் மூச்சு வாங்காமல். மேல் பஞ்சமத்துக்குக் கொஞ்சம் கீழே என்று நினைக்கிறேன். நான் அதைக் கேட்டுக்கொண்டே, என் காதைச் செத்துப்போனதாக அறிவிக்கப் போகிறவன் உள்ளே இருக்கிறான் என்பதை யோசித்தேன். யோசித்து, கையை மடியில் வைத்துக்கொண்டேன். கோபமில்லை. கோபத்தோடு நான் தீர்ப்புச் சொன்னதே கிடையாது. இதை எழுதிக்கொண்டால் போதும். தண்டனை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி, ‘கேட்டும் செய்யவில்லை’ என்று தெளிவாக எழுதுங்கள். ‘கேட்கவில்லை’ என்ற வார்த்தை மட்டும் என் பெயருக்குப் பக்கத்தில் வரக் கூடாது. விசில் எப்படி இருந்தது என்று இன்னும் விவரமாக வேண்டுமானாலும் சொல்கிறேன். அதன் ஆரம்பத்தில் ஒரு சிறு நடுக்கம், அப்புறம்...

எழுத்தர் அம்மா எதற்குக் காதைப் பொத்திக்கொள்கிறார்? நான் அப்படி என்ன கூடாததைச் சொல்லிவிட்டேன்?

வாசலில் நிற்கிற காவலரும் பொத்திக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கை மேசைக்கு அடியில் இருக்கிறது. எடுங்கள், பார்க்கலாம். ஆமாம், இதேதான். கிடங்குச் சுவரில் மாட்டியிருந்தது. இப்போது அடித்துக்கொண்டிருக்கிறதா? நான் பேச ஆரம்பித்ததிலிருந்தா, நடுவிலிருந்தா? சரி. நிறுத்திவிடுங்கள், பாவம், அந்த அம்மாவுக்குக் காது வலிக்கும். நிறுத்தியாயிற்றா? எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, நீங்களே சொன்னால்தான் உண்டு.

நல்ல சோதனை. டாக்டருடையதைவிட நல்லது. குடும்பத்தில் இருப்பவர்கள் செய்தது போலவே செய்தீர்கள்.

அப்படியானால் வீட்டுக்குப் போங்கள் என்கிறீர்கள். இரக்கத்தோடுதான் சொல்கிறீர்கள், உதட்டில் தெரிகிறது. அம்மா, பேனாவை மூட வேண்டாம். முதலில் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுத வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு அவன் உள்ளே போவதற்கு முன்னால் எனக்கு நேரே வந்து நின்றான். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான்: “விசில் அடிச்சா உங்களுக்குக் கேக்காது, அத்தான். தப்பா எடுத்துக்காதீங்க. ஏதாவதுன்னா நான் கதவைத் தட்டறேன். தட்டினா பொத்தானை அமுக்கிப் புடிச்சுக்கோங்க. சரியா?” என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனான்.

தட்டினான். இரும்புக் கதவு, கனமான கை, கீழ்ச் சுருதி. அந்தப் பக்கத்தில் என் காதுக்கு ஒரு குறையும் இல்லை, டாக்டரும் அப்படித்தான் எழுதியிருப்பார். நான் எழுந்தேன். பாதி எழுந்தேன். அப்போது தோன்றியது: விசில் இன்னும் அடிக்கவில்லையே. விசில் இல்லாமல் தட்டலுக்கு மட்டும் ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கினால், விசில் எனக்குக் கேட்கவில்லை என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். ரெக்கார்டைப் போட்டுக் காட்டினவன், இதையும் போட்டுக் காட்டுகிறான் என்று நினைத்தேன். எனக்கே காது குத்தப் பார்க்கிறான் என்று நினைத்தேன். ஆகவே விசிலுக்காகக் காத்திருந்தேன். அது வந்ததும் கம்பீரமாக எழுந்து, அமுக்கிப் பிடித்து, அவன் வெளியே வரும்போது, ‘கேட்டுச்சு, மாப்ளே’ என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

விசில் வரவில்லை. இரண்டு கையாலும் தட்டினான். பிறகு ‘அத்தான்’ என்று கூப்பிட்டான். கதவைத் தாண்டி வந்தது உயிரெழுத்து மட்டும்தான். அ. ஆ. அ. ஆ. விளையாட்டுக்குக் கூப்பிடுகிறவன் குரல் அப்படி இருக்காது. குரலைக் கேட்டு ஆளின் மனசைச் சொல்வதுதான் என் தொழில். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் உட்கார்ந்திருந்தேன். இப்போது எழுந்தால், முதல் தட்டிலேயே ஏன் எழவில்லை என்று கேட்பான். இன்னும் ஒரு நொடி பார்க்கலாம், விசில் வந்துவிடும், வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தேன். தட்டல் மெதுவானது. கடைசியில் ஒன்று, ரொம்ப மெதுவாக, விரல் முட்டியால். அதுவும் கேட்டது.

இவ்வளவுதான் என்று முடித்துவிடலாம். ஆனால் நீங்கள் மறுபடி கோப்பைத் திறந்துவிட்டீர்கள், அதனால் மிச்சத்தையும் சொல்கிறேன்.

அன்றைக்கு வீட்டில் எல்லாரும் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். என் மனைவி அழவில்லை. எல்லாரும் போன பிறகு, ஒரு நாற்காலியை இழுத்து எனக்கு நேரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை, உதடு வெடித்திருந்தது. குரலைத் தாழ்த்தி, வாயை நன்றாகத் திறந்து, ஒரு எழுத்தைக்கூட விழுங்காமல் கேட்டாள்.

“அவன் கதவைத் தட்டினானா?”

அவ்வளவு சுத்தமாக யாரும் எனக்காக உச்சரித்ததில்லை. பாடகர்கள்கூட இல்லை.

நான் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, “என்ன சொன்னே? கேக்கலை” என்றேன்.